தகட்டில் ஒருத்தி, பிளக்ஸில் ஒருத்தி

தம்பி,

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவளுக்கு எதுவும் சுலபத்தில் குமட்டாது. அரிசி மூட்டைக்குள் செத்து ஊறிப்போன எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்திருக்கிறேன். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரும் கிட்டே வரமாட்டார்கள், நான்தான் கையை விட்டுக் குத்திவிடுவேன். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் மண்ணைப் போட்டு அள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அடுத்த நிமிஷமே சாம்பாருக்குத் தாளிப்பேன். அப்போதெல்லாம் வராத குமட்டல் போன திங்கட்கிழமை பெரம்பலூரில், உன் கல்யாண மண்டபத்து வாசலில் வந்தது. இன்னும் போகவில்லை. போனில் சொன்னால், "அப்பறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதிக் கூரியரில் போடுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன் சித்தப்பா படிக்கட்டும், நீ கட்டப்போகிற யாழினி படிக்கட்டும், மீன்சுருட்டியில் அவள் அம்மா படிக்கட்டும். மறைக்கிற மாதிரி நான் எதுவும் செய்யவில்லை.

அன்று நான் போனது மண்டபத்துச் சமையல்காரரைப் பார்க்க. பாத்திரம் அவர்களுடையதா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. வாலிகண்டபுரத்தில் டவுன் பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து போனால், வாசல் வளைவுக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டு உன் கல்யாண பிளக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீயும் யாழினியும். மேலே வட்டம் வட்டமாக உன் சித்தப்பா, சித்தி, மாமன்கள், பெண் வீட்டார். இடது ஓரத்தில் மட்டும் முழு உருவமாக ஒரு பெண்மணி கைகூப்பிக்கொண்டு நின்றாள். மாம்பழக் கலர் பட்டுச்சேலை, கை நிறைய வளையல், கழுத்தில் தாலிக்கொடி, அதற்கு மேல் காசுமாலை, தோளில் வழிகிற அளவுக்குப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பெண் வீட்டுப் பெரியம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். மேலுதட்டுக்கு மேலே இருந்த மச்சத்தைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. கீழே "மணமகனின் அன்புத் தாயார்" என்று வேறு எழுதியிருந்தது. கம்பு நட்ட பையன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கட்டுகிற தாயார் அவன் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

உன் அப்பா எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. பதினாறாம் நாள் காரியத்தில் கூடத்து நடுவில் என்னை உட்காரவைத்து, பூ வைத்துவிட்டு அந்தப் பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், குங்குமத்தை அழித்தார்கள். சுற்றி நின்று அழுதவர்களில் பாதிப் பேருக்கு அழுகை வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். எனக்கு அன்றைக்கே அது அசிங்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இந்த வெறும் நெற்றியோடுதான் உன்னைப் படிக்கவைத்தேன், இந்த வெறும் கழுத்தோடுதான் கஞ்சி வடித்தேன். அது எனக்குப் பழகிப்போய்விட்டது. பிடித்தும் போய்விட்டது என்றுகூடச் சொல்வேன். இத்தனை வருஷம் கழித்து என்னைக் கேட்காமல், என் தலையை மட்டும் வெட்டி எடுத்து, எவளோ ஒருத்தியின் தாலிக்கு மேல் ஒட்டவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அழித்ததாவது என் நெற்றியில்தான் அழித்தார்கள். இவர்கள் நான் இருந்த இடத்தையே அழித்துவிட்டார்கள்.

அந்த வெயிலில் நிற்கும்போது நீ போட்ட இன்னொரு படம் ஞாபகத்துக்கு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு, வேலை தேடாமல் வீட்டோடு இருந்த கோடையில் போட்டது. நான் தலைக்குக் குளித்துவிட்டு, பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு, பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ கதவோரம் நின்றுகொண்டு, "யம்மா, அப்படியே இரேன், வரைஞ்சுக்கிறேன்" என்றாய். "போடா பைத்தியக்காரா, வரையறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு?" என்று திட்டினேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளைதானே என்று தோன்றியது. மறுநாளும் அதே வெயில் நேரத்தில் உட்காரச் சொன்னாய். உட்கார்ந்தேன். நீ பென்சிலை ஓட்டிக்கொண்டே, இதை அப்படியே செப்புத் தகட்டில் ஏற்றப்போவதாகச் சொன்னாய். அக்வாடிண்ட் என்று பேர் சொன்னாய். சாம்பிராணியோடு போடுகிற குங்கிலியம் மாதிரி ஒரு பொடியைத் தகட்டில் தூவி, சூடு காட்டி ஒட்டவைத்து, ஆசிடில் போடுவார்களாம். வெளிச்சம் வேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிடுவார்களாம். கருப்பு வேண்டிய இடம்தான் கடைசிவரை ஆசிடிலேயே கிடக்குமாம். பிறகு தகட்டில் மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பார்களாம். "வெள்ளை சும்மா வந்துரும்மா. கருப்புதான் ரொம்ப நேரம் எடுக்கும்" என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சாரதா டீச்சரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

படம் வந்ததும் தாளைச் சுருட்டி எடுத்துவந்து காட்டினாய். ஒரே ஒரு நிறம். அடிப்பிடித்த அண்டாவைப் பாதி தேய்த்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அதிலேயே எல்லாம் இருந்தது. என் தோள், முதுகுக் கூன், கஞ்சி கொட்டி வெந்த முழங்கை, பாவாடையையும் மீறித் தெரிகிற மூன்று மடிப்பு விழுந்த வயிறு. முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. "ஏண்டா, வயித்தையாவது கொஞ்சம் கொறைச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "இருக்கறதத்தானம்மா போட முடியும்" என்றாய். பிறகு பார்க்கப் பார்க்க அது நான்தான் என்று மனசு ஒப்புக்கொண்டது. கண்ணாடியில் பார்க்கிற என்னைவிட அதில் இருந்தவள் நிதானமாக இருந்தாள். உடம்பு முழுக்க இருட்டாக இருந்தது, நெற்றி மட்டும் வெளுப்பாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அங்கதாம்மா வெயில் விழுந்துச்சு" என்றாய். அந்த நெற்றியில் பொட்டு இல்லை. அந்தக் கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை. இல்லை என்று உனக்கு அப்போது ஒரு குறையும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் படம் மெட்ராஸுக்குப் போனது, எங்கெங்கோ போனது, உனக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. ஒரு தடவை என்னையும் கண்காட்சிக்கு அழைத்துப் போனாய். ஏ.சி. போட்ட பெரிய ஹாலில் என்னைச் சுவரில் மாட்டிவைத்து, அதற்குப் பக்கத்தில் என்னையும் நிற்கவைத்தாய். கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு வலிங்க இந்த உடம்புல" என்று கண் கலங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. "வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அன்னிக்குக் குளிச்சுட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்" என்றேன். அவர் அதையும் ஏதோ பெரிய பேச்சு மாதிரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். படத்துக்குக் கீழே "காத்திருப்பு" என்று நீ எழுதியிருந்தாய். யாருக்குடா காத்திருந்தேன்? முடி காய வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். அப்போதே லேசாக ஒரு நெருடல் வந்தது. ஆனால் பிள்ளை முன்னுக்கு வருகிறானே என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். அது போதும் என்று இருந்தது.

நீ கொடுத்த ஒரு பிரதியைச் சட்டம் போட்டு உள்ளறையில் மாட்டினேன். நம் ஊரில் கலர் இல்லாத படம் என்றால் செத்துப்போனவர் படம் என்று ஒரு முடிவு. கீரை கொண்டுவருகிற அம்மா ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள், படத்தைப் பார்த்து, "ஒங்க அக்காங்களா? எப்பங்க தவறுனாங்க?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல, கீரைக் கட்டை வச்சிட்டுப் போ" என்றேன். சித்தப்பா வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னங்க அண்ணி இது அசிங்கமா? நாலு பேரு வந்து போற வூடு. கழட்டி வைங்க" என்றார். எது அசிங்கம் என்று கேட்டேன். வயிறா, தோளா, வெறும் நெற்றியா? "எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதனால் பிளக்ஸைப் பார்த்தவுடன் இது அவர் வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடிந்தது எனக்கு. அடுத்த சந்தேகம் பெண் வீட்டார் மேல். மூன்றாவது, பிளக்ஸ் கடைக்காரன். உன் பேர் என் மனசில் வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை.

பிளக்ஸின் கீழே கடை பேர் இருந்தது. சமையல்காரரை மறந்துவிட்டு நேராக அங்கே போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பெயின்ட் நெடி. நடுத்தர வயசுக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நான் மாப்பிள்ளையின் அம்மா என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். நல்ல மனிதர்தான்.

"அந்த போர்டுல இருக்கறது நான் இல்லீங்க" என்றேன்.

"நீங்கதாங்க யக்கா. பேர் பாத்துத்தான் போட்ருக்கோம்."

"மூஞ்சி என்னுதுதான். ஒடம்பு யாருது?"

அவர் சிரித்துவிட்டார். "அது ரெடிமேட் பாடிங்க யக்கா. எல்லா அம்மாவுக்கும் அதான் போடறது. பட்டுல பச்சை, ஊதான்னு கலர் மட்டும் மாத்திக்குவோம்."

கம்ப்யூட்டரில் திருப்பிக் காட்டினார். தலையே இல்லாமல் அந்த உடம்பு கைகூப்பிக்கொண்டு நின்றது. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, கழுத்தில் தாலி மட்டும் தொங்கியது. அடுத்ததில் அதே உடம்பில் வேறொரு அம்மாவின் தலை, காதுகுத்துக்கு. அதற்கடுத்ததில் இன்னொருத்தி, வீடு குடி போகிறதுக்கு. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். "எங்க கொழுந்தனாருதான இப்படிப் போடச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரு இல்லீங்களே" என்றார் அவர். "டிசைன் பூரா ஒங்க பையன்தான் பண்ணி அனுப்புனாப்ல. எங்ககிட்ட பாடி ஃபைல் மட்டும் கேட்டாப்ல. தலையை ஒட்டுனது, கலரைத் தூக்குனது, பொட்டு வச்சது எல்லாம் அவருதான். கை சுத்தமான வேலைங்க யக்கா, ஒட்டுன எடமே தெரியல பாருங்க."

ஒட்டின இடம் தெரியவில்லைதான். பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆயிற்றே நீ. இருட்டை ஆசிடில் ஊறவைத்து ஊறவைத்து எடுத்த அதே கை, கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் வெளுத்துப்போகிற வேலையையும் சுத்தமாகத்தான் செய்திருக்கிறது. என்னை அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவர் தயங்கினார். "தலையை எடுத்தா பாடி மட்டும் நிக்குமேங்க. தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லி உனக்குப் போன் போட்டார். மெஷின் சத்தத்தில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டார். நான் இருப்பதை அவர் உனக்குச் சொல்வதற்குள் நீ பேச ஆரம்பித்துவிட்டாய். அம்மா படத்தில் ஏதோ மாற்றணுமாம் என்று அவர் ஆரம்பித்ததும் உன் குரல் எப்படி அவசரமாக வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"அண்ணே, அண்ணே, அதுல கை வைக்காதீங்க. அம்மாகிட்டயும் எதுவும் சொல்லிக்காதீங்க. மேடையில சித்தப்பா சித்திதான் உக்காரப்போறாங்க, அது முடிவாயிருச்சு. அம்மா ஏறப்போறதில்ல. போர்டுலயாவது நெறைவா இருக்கட்டுமேன்னுதான் அப்படிப் போட்டேன்."

அவர் போனை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "யக்கா, டீ சொல்லட்டுங்களா?" என்றார். சொல்லச் சொன்னேன். டீ வந்தது, குடித்தேன். அந்த மனிதர் எதிரில் அழ எனக்கு இஷ்டமில்லை. வெளியே வந்து சந்து முனையில் சாக்கடையோரம் உட்கார்ந்து குடித்த டீ முழுவதையும் வாந்தி எடுத்தேன். வெயில் என்று நினைத்து ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நீ மெட்ராஸில் இருந்துகொண்டு மற்றவர்களோடு சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கலாம், சித்தப்பா நெருக்கியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதும் உனக்காக நானே வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால் வீட்டுக்குப் போகாமல் உன் சித்தி வீட்டில் இறங்கினேன். பாவம், அவள் பொய் சொல்லத் தெரியாதவள். என் முகத்தைப் பார்த்தவுடனே கையைப் பிசைந்தாள். "நாங்க கேக்கலக்கா. தம்பிதான் போன் பண்ணி, சித்தி நீங்களும் சித்தப்பாவும் மேடையில உக்காந்துருங்க, அம்மா சங்கடப்படும்னு சொல்லுச்சு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்றாள். நான் எதற்குச் சங்கடப்பட வேண்டும் என்று அவளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சங்கடம் உனக்கு. அதைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டாய்.

இப்போது நினைத்தால் எல்லாம் விளங்குகிறது. சேலை எடுக்கப் போன அன்று யாழினியின் அம்மா என் கையைப் பிடித்து, "சம்பந்தியம்மா, நீங்க ஒண்ணும் அலைய வேணாம். முன்வரிசையில சோபா போடச் சொல்லியிருக்கோம், ஜம்முனு உக்காந்து பாருங்க" என்றார். மரியாதை என்று நினைத்துத் தலையாட்டினேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சோபா. தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும்போது என் சோபாவைத் தாண்டி அடுத்த சோபாவுக்குப் போவார்கள். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி அட்சதையை வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டில் அப்படிச் சிரித்திருக்கிறேன். என் வீட்டுக் கல்யாணத்தில் சிரிக்க மாட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ கல்லூரி முடிப்பதற்கு முந்தின வருஷம் சித்தப்பா வீட்டில் காதுகுத்து நடந்தது. ஆரத்தி எடுக்கிற நேரம் ஒரு பெரியம்மா வந்து, "நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லு ஆத்தா" என்று என்னைப் பின்கட்டுக்கு அனுப்பினாள். நான் வழக்கம்போலப் போனேன். நீ நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "எங்கம்மா நிக்கக் கூடாத எடத்துல எனக்கு என்ன வேலை?" என்று கத்தினாய். மேளம் நின்றுபோனது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினாய். பஸ் ஸ்டாப்பில் பசியோடு உட்கார்ந்து பட்டாணி வாங்கித் தின்றோம். விசேஷ வீட்டில் ரகளை செய்துவிட்டாயே என்று உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் மறுவருஷம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முதுகைக் காட்டினேன். யாரோ ஒரு ஓவியனுக்குக் காட்டவில்லை.

அடுத்தவன் வீட்டு விசேஷத்தில் கத்துவது சுலபம் என்று இப்போது தெரிகிறது. அதில் உனக்கு நஷ்டம் ஒரு வேளைச் சோறு. மெட்ராஸில் மாட்டுவதும் சுலபம். அங்கே என் வெறும் நெற்றியைப் பார்த்துக் கண் கலங்க ஆள் இருக்கிறது, உன்னைத் தட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஊர்க்காரன் வருகிற வாசலில், பெண் வீட்டார் உட்காருகிற மேடையில் அதே நெற்றியைக் காட்ட உனக்குக் கூசுகிறது. அப்படியென்றால் அந்தப் படத்தில் நீ போட்டது என்னையா, இல்லை மெட்ராஸ்காரர்களுக்குப் பிடித்த ஒரு ஏழைப் பொம்பளையையா? நான் ஒரு படத்துக்கு உடம்பு, இன்னொரு படத்துக்குத் தலை. முழுசாக நான் உனக்கு எங்கேதான் வேண்டும்? இதைக் கேட்டுக்கேட்டுத்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன் மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் வந்தால் திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு போட்டுவிடுவேன். இது அது இல்லை. உன் பேரை உச்சரிக்கும்போது வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருக்கிறது. பெற்ற பிள்ளை மேல் இப்படி வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள், நடுவில் தங்கள் தப்பையும் ஒன்றிரண்டு சொல்லி மனசை இளக்குவார்கள். நானும் தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் என் பக்கம் ஒரு தப்பும் அகப்படவில்லை. வேண்டுமானால் புத்தி மட்டும் சொல்கிறேன், அதுவும் யாழினிக்காக. கட்டிக்கொள்ளப் போகிறவளையாவது இருக்கிறபடி வைத்துக்கொள். அவள் கருப்போ சிவப்போ, குண்டோ ஒல்லியோ, நாலு பேர் வருகிறார்கள் என்று அவளைத் திருத்தி வைக்காதே. அவள் வாய் திறக்கும் முன்னால் அவளுக்கு என்ன சங்கடம் என்று நீயே முடிவு கட்டாதே. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், போன் கையில்தான் இருக்கிறது. உனக்கு வெட்கமாக இருந்தால், வெட்கமாக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். என்னிடம், "அம்மா, நீ பொட்டு இல்லாம மேடையில நின்னா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். குமட்டியிருக்காது. உனக்கு வெட்கமாக இருப்பதை, என் மேல் வைத்த பாசம் மாதிரி பட்டுச்சேலை கட்டி வாசலில் நிறுத்தினாயே, அதுதான் தாங்கவில்லை.

பிளக்ஸை எடுக்கச் சொல்லிக் கடைக்காரருக்கு மறுபடி போன் செய்யப்போவதில்லை. அது அங்கேயே நிற்கட்டும். வருகிறவர்கள் அதையும் பார்க்கட்டும், உள்ளே வந்து என்னையும் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு, போன தீபாவளிக்கு நீ எடுத்துக்கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவேன். பியூட்டி பார்லர் பெண்ணை என்னிடம் அனுப்பாதே. சோபாவில் உட்காருவேன், வருகிறவர்களைக் கும்பிடுவேன். பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிடும்போது சித்தப்பாவும் சித்தியும் ஏறட்டும். நீ கூப்பிட்டு வந்தவர்கள், அவர்களை நான் எழுப்ப மாட்டேன். அவர்கள் பின்னாலேயே நானும் ஏறுவேன். பெரியம்மா யாராவது, "என்ன இது சாங்கியம் தெரியாம" என்பாள். சம்பந்தியம்மா முகம் மாறும். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு யாரையாவது பார்ப்பான். எல்லோரும் கடைசியில் உன்னைத்தான் பார்ப்பார்கள். நீ எனக்காக எழுந்து நின்று கத்த வேண்டாம். மைக்கைப் பிடித்து அம்மா பெருமை பேச வேண்டாம். மன்னிப்புக் கேட்டுக் காலில் விழவும் வேண்டாம், அதையும் யாராவது படம் பிடிப்பார்கள். நான் வந்து நிற்கும்போது, மணையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விடு.